பொதிக் குதிரை வளர்க்க மாதம் எவ்வளவு செலவாகும்?

மலைத் தோட்டங்களில் விளைவிப்பது பாதி வேலை. விளைந்ததை ரோட்டுக்குக் கொண்டு வந்து சேர்ப்பது மீதி வேலை. திண்டுக்கல் மாவட்டத்தின் சிறுமலை, கொடைக்கானல் கீழ்மலை, தேனி மாவட்டத்தின் போடி மலைப் பகுதிகளில் எலுமிச்சை, மலைவாழை, பலா, காபி, மிளகு ஆகியவை தலைமுறை தலைமுறையாகக் குதிரை முதுகில்தான் கீழே இறங்கி வந்தன. அரிசி மூட்டையும் உர மூட்டையும் மேலே ஏறியதும் அப்படித்தான். தேர்தல் சமயத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்கள்கூட சில மலைக் கிராமங்களுக்குக் குதிரை மூலம் சென்றிருக்கின்றன.

பாதை வசதி வந்த ஊர்களில் குதிரைகளின் எண்ணிக்கை குறைந்து விட்டது. என்றாலும், வண்டி எட்டாத தோட்டம் வைத்திருப்பவருக்குத் தலைச்சுமை கூலி கட்டுபடியாகாதபோது குதிரையின் நினைப்பு வருகிறது. அப்போது அவர் முதலில் விசாரிப்பது குதிரையின் விலையைத்தான். அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குப் போகிறவர்களும் விலையைத்தான் பேசுகிறார்கள். மாதச் செலவைக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் வாங்கும் விலை ஒரு நாள் செலவு. தீனி 365 நாள் செலவு.

கறவை மாட்டைப் போலக் குதிரை பால் தராது. அது தருவது உழைப்பு ஒன்றுதான். அந்த உழைப்புக்கு வேலை இல்லாத நாளிலும் அதன் வயிறு கேட்பதைக் கொடுத்தாக வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் குதிரை வாங்கியவர், அறுவடை முடிந்த மாதங்களில் தீவனத்துக்குக் கடன் வாங்குகிறார். அல்லது தீவனத்தைக் குறைக்கிறார். குறைத்தால் குதிரை மெலிந்து, அடுத்த பருவத்தில் சுமை எடுக்க முடியாமல் நிற்கிறது. கடைசியில் பாதி விலைக்கு விற்க நேருகிறது. ஆகவே குதிரை வாங்குமுன் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்து உட்காருவது நலம்.

மூன்று வகைச் செலவுகள்

குதிரைக்கு ஆகும் செலவை மூன்றாகப் பிரித்துக் கொள்ள வேண்டும். முதலாவது, அன்றாடச் செலவு: கொள்ளு, தவிடு, புல், உப்பு. இரண்டாவது, தவணைச் செலவு: லாடம், தடுப்பூசி, குடற்புழு மருந்து, சேணம், கொட்டகை பழுது பார்த்தல். இவை மாதா மாதம் வருவதில்லை. வரும்போது மொத்தமாக வரும். மூன்றாவது, எதிர்பாராத செலவு: வயிற்றுவலி, காயம், நொண்டல்.

பெரும்பாலோர் முதல் வகையை மட்டுமே கணக்கில் சேர்க்கிறார்கள். கையில் பணம் இல்லாத நேரத்தில் லாடம் தேய்ந்து போகும்போதுதான் மற்ற இரண்டும் நினைவுக்கு வருகின்றன. தவணைச் செலவை ஆண்டுக் கணக்காகக் கூட்டி, 12-ஆல் வகுத்து, மாதச் செலவாகவே எழுதிக் கொள்வதுதான் சரியான முறை.

எடையை அறிவது எப்படி?

தீவனத்தின் அளவு குதிரையின் எடையைப் பொறுத்தது. எடை மேடை இல்லாத ஊரில் ஒரு அளவு நாடாவே போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எடுத்த சுற்றளவை செ.மீ.யில் குறித்துக் கொள்ள வேண்டும். பின்பு தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை உடல் நீளத்தை அளக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 145 செ.மீ., நீளம் 140 செ.மீ. உள்ள மட்டக் குதிரையின் எடை சுமார் 248 கிலோ ஆகும். இனி வரும் கணக்கெல்லாம் 250 கிலோ எடையுள்ள மட்டக் குதிரைக்கானது.

தீவன அளவு

குதிரைக்கு அதன் எடையில் 100-க்கு 2 முதல் 2½ பங்கு வரை உலர் தீவனக் கணக்கில் தினமும் தேவை. அதாவது 250 கிலோ குதிரைக்கு 5 முதல் 6 கிலோ வரை. இதில் பெரும்பகுதி புல்லாகவே இருக்க வேண்டும். பச்சைப் புல்லில் நீர் அதிகம் என்பதால் 5 கிலோ பச்சைப் புல்லை ஏறத்தாழ ஒரு கிலோ உலர் தீவனமாகவே கொள்ள வேண்டும்.

வேலை நாளில்: காய்ந்த புல் 4 கிலோ, பச்சைப் புல் 5 கிலோ, கொள்ளு 1 கிலோ, கோதுமைத் தவிடு ½ கிலோ.

ஓய்வு நாளில்: காய்ந்த புல் 4 கிலோ, பச்சைப் புல் 5 கிலோ, கொள்ளு ¼ கிலோ, தவிடு ¼ கிலோ.

இத்துடன் தினமும் 30 கிராம் உப்பும், மருத்துவர் சொல்லும் அளவில் தாது உப்புக் கலவையும் தேவை. நன்றாக வியர்க்கும் நாளில் உப்பைச் சற்றுக் கூட்டலாம். ஓய்வு நாளில் புல்லைக் குறைக்காமல் கொள்ளை மட்டும் குறைத்திருப்பதைக் கவனிக்க வேண்டும். வேலை இல்லாத குதிரைக்கு முழு அளவு தானியம் வைத்தால் அது காசு நஷ்டம் மட்டுமல்ல; மறுநாள் வேலைக்கு விடும்போது தசை இறுகி நடக்க முடியாமல் நிற்கும் நோயும் வரலாம்.

மாடு அசை போடும். குதிரை அசை போடாது. அதன் இரைப்பை சிறியது. ஒரே வேளையில் மொத்தமாகத் தின்றதைத் தாங்காது. தின்றதை வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. ஆகவே நாள் தீவனத்தை மூன்று நான்கு வேளையாகப் பிரித்து வைக்க வேண்டும். கொள்ளை ஊறவைத்து அல்லது வேகவைத்துக் கொடுப்பது பழக்கத்தில் உள்ள நல்ல முறை. தவிடு மலிவாகக் கிடைக்கிறது என்று அதையே அதிகம் கொடுக்கக் கூடாது. தவிட்டில் மணிச்சத்து அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. நாளடைவில் எலும்பு பலவீனப்படும்.

தண்ணீருக்குக் காசு இல்லாவிட்டாலும் கணக்கு உண்டு. ஓய்வு நாளில் 12 முதல் 15 லிட்டர் வரை குடிக்கும் குதிரை, வெயிலில் சுமை தூக்கும் நாளில் 25 லிட்டருக்கு மேலும் குடிக்கும். கோடையில் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

கொடுக்கக் கூடாதவை

செலவைச் சுருக்குவதாக நினைத்து மாட்டுக்கு உள்ளதைக் குதிரைக்கு வைப்பது ஆபத்து. சூபாபுல் எனப்படும் சவுண்டல் தழை ஆட்டுக்கும் மாட்டுக்கும் அளவோடு கொடுக்கப்படுகிறது. குதிரை அதைத் தொடர்ந்து தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டிவிடும்; குளம்பும் கெடும். யூரியா கலந்த மாட்டுத் தீவனம் ஆகாது. மொனென்சின் என்னும் மருந்து சேர்ந்த கோழித் தீவனமோ மாட்டுத் தீவனமோ சிறிதளவு போனாலும் குதிரையின் இருதயத்தைத் தாக்கி உயிரையே வாங்கிவிடும். இளம் பச்சைச் சோளப் பயிரிலும் மேய விடக் கூடாது. பூசணம் பிடித்த புல், பூசணம் பிடித்த தானியம் இரண்டும் விலக்கத் தக்கவை. பூச்சி மருந்து கலந்த விதைக் கொள்ளைத் தீவனமாக்கவே கூடாது.

தீவனச் செலவு

விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக, கொள்ளு கிலோ 70 ரூபாய், தவிடு 30 ரூபாய், காய்ந்த புல் 8 ரூபாய், பச்சைப் புல் 3 ரூபாய் என்று இங்கே வைத்துக் கொள்ளப்பட்டுள்ளது. விவசாயிகள் தங்கள் ஊர் விலையைப் போட்டுத் திருத்திக் கொள்ள வேண்டும்.

20 நாள் வேலை, 10 நாள் ஓய்வு உள்ள மாதத்தில்:

கொள்ளு 22½ கிலோ - 1,575 ரூ.
தவிடு 12½ கிலோ - 375 ரூ.
காய்ந்த புல் 120 கிலோ - 960 ரூ.
பச்சைப் புல் 150 கிலோ - 450 ரூ.
உப்பு, தாது உப்பு - 120 ரூ.
ஆக மொத்தம் - 3,480 ரூ.

வேலையே இல்லாத மாதத்தில் கொள்ளு 7½ கிலோ (525 ரூ.), தவிடு 7½ கிலோ (225 ரூ.) போதும். புல்லும் உப்பும் அதே செலவு. மொத்தம் 2,280 ரூபாய்.

லாடமும் சேணமும்

கல் பாதையில் ஏறி இறங்கும் குதிரைக்கு லாடம் அவசியம். குளம்பு நகத்தைப் போல வளர்ந்து கொண்டே இருப்பதால், 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை லாடத்தைக் கழற்றிக் குளம்பைச் சீவி மறுபடி அடிக்க வேண்டும். லாடம் தேயவில்லை என்று தள்ளிப் போட்டால் குளம்பு நீண்டு, கால் நரம்பு இழுபட்டு, நொண்டல் ஏற்படும். வேலை இல்லாத மாதங்களில் லாடத்தைக் கழற்றி விட்டாலும் குளம்பு சீவும் வேலை நிற்காது. ஆண்டுக்கு 8 முறை, முறைக்கு 750 ரூபாய் என்றால் 6,000 ரூபாய். மாதம் 500 ரூபாய்.

பொதிச் சேணத்தின் மெத்தை சப்பிப் போனால் சுமை முதுகெலும்பில் உட்காரும். முதுகில் புண் வந்த குதிரை வாரக்கணக்கில் வேலைக்கு ஆகாது. பழைய சாக்கை மடித்துப் போட்டுச் சமாளிப்பதால் மிச்சமாகும் காசு, நின்று போகும் வேலை நாட்களில் பல மடங்காகப் போய்விடும். சேணம், வார், கயிறு இவற்றுக்காக மாதம் 200 ரூபாய் ஒதுக்க வேண்டும்.

மருத்துவச் செலவு

குதிரைக்கு ரணஜன்னி எளிதில் தொற்றும். சிறு ஆணி குத்திய காயமும் உயிருக்கு உலை வைக்கும். ஆகவே ரணஜன்னித் தடுப்பூசி கட்டாயம். நாய்கள் நடமாடும் ஊரில் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுக் கொள்வது நல்லது. குடற்புழு மருந்தைக் கண்டபடி மாதா மாதம் கொடுப்பதால் பயன் இல்லை. மருந்துக்குப் புழுக்கள் பழகிவிடும். சாணத்தைப் பரிசோதித்து, மருத்துவர் சொல்லும் மருந்தைச் சொல்லும் இடைவெளியில் கொடுத்தால் செலவும் குறையும். ஆண்டுக்கு ஒரு முறை பல்லையும் பார்க்கச் சொல்ல வேண்டும். பல் ஓரங்கள் கூர்மையாகி வாயைக் கிழித்தால், குதிரை தின்பது பாதி, சிந்துவது பாதி ஆகிவிடும். இவற்றுக்கெல்லாம் மாதம் 300 ரூபாய் வைத்துக் கொள்ளலாம்.

விட்டு விட்டுக் காய்ச்சல், நன்றாகத் தின்றும் மெலிவு, காலிலும் அடிவயிற்றிலும் வீக்கம் இருந்தால் சர்ரா நோயாக இருக்கலாம். கடிக்கும் ஈக்கள் மூலம் பரவுவது இது. மூக்கில் சீழ் போன்ற ஒழுக்கும் தோலில் கட்டிகளும் புண்களும் கண்டால் கிளாண்டர்ஸ் என்று சந்தேகிக்க வேண்டும். இது மனிதருக்கும் தொற்றும் கொடிய நோய். 2009-ஆம் ஆண்டின் கால்நடை தொற்றுநோய்ச் சட்டப்படி உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். நோய் உறுதியான குதிரையை அரசு ஏற்பாட்டில் அழிப்பார்கள். உரியவருக்கு நஷ்ட ஈடு வழங்கவும் வழி உண்டு. சந்தையில் வாங்கிய குதிரையை உடனே மற்றக் குதிரைகளுடன் கட்டாமல் சில வாரம் தனியே கட்டி, ரத்தப் பரிசோதனை செய்வித்துக் கொள்வது பாதுகாப்பு.

குதிரை வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தல், முன்னங்காலால் மண்ணைப் பறித்தல், படுத்துப் புரளுதல், சாணம் போடாமை - இவை வயிற்றுவலியின் அறிகுறிகள். இந்நேரத்தில் எண்ணெயையோ கஷாயத்தையோ வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் நிலைமை முற்றிவிடும். தீவனத்தை நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். 1962 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் கால்நடை அவசர ஊர்தியைக் கேட்கலாம். மலை ஊருக்கு மருத்துவர் வந்து சேர நேரமாகும் என்பதால் தாமதம் கூடாது. இதற்கெனத் தனி உண்டியலில் மாதம் 300 ரூபாய் போட்டு வர வேண்டும்.

கொட்டகை, இன்சூரன்ஸ், தேய்மானம்

மழை ஒழுகாத, காற்றோட்டமான, தரை ஈரம் நிற்காத கொட்டகை போதும். கூரை, தீவனத் தொட்டி பழுது பார்க்க மாதம் 150 ரூபாய். சாணம் வீணாவதில்லை. நாளொன்றுக்கு 6 முதல் 8 கிலோ வரை கிடைக்கும் சாணத்தை மக்க வைத்து வாழைக்கும் எலுமிச்சைக்கும் இடலாம்.

குதிரை, மட்டக் குதிரை, கோவேறு கழுதை ஆகியவற்றையும் கால்நடை இன்சூரன்ஸ் திட்டத்தில் சேர்க்கலாம். 2024 பிப்ரவரியில் தேசிய கால்நடை இயக்கத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பிரீமியத்தில் விவசாயியின் பங்கு 100-க்கு 15 ஆகக் குறைக்கப்பட்டது. மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் விசாரித்துச் சேர வேண்டும். விவசாயியின் பங்குக்கு மாதம் 50 ரூபாய் என்று இங்கே வைக்கப்பட்டுள்ளது.

கடைசியாக, யாரும் எழுதாத செலவு ஒன்று உண்டு. 48,000 ரூபாய்க்கு வாங்கிய குதிரை 8 ஆண்டு நன்றாக உழைக்கும் என்று வைத்தால், 96 மாதத்தில் அந்த விலை கழிந்து விடுகிறது. மாதத்துக்கு 500 ரூபாய். இதை இப்போதே சேர்த்து வராதவர், அடுத்த குதிரைக்கு வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கும்.

மாதக் கணக்கு

வேலை மாதம்:
தீவனம் - 3,480 ரூ.
லாடம் - 500 ரூ.
சேணம், கயிறு - 200 ரூ.
தடுப்பூசி, மருந்து - 300 ரூ.
கொட்டகை - 150 ரூ.
இன்சூரன்ஸ் - 50 ரூ.
அவசர உண்டியல் - 300 ரூ.
தேய்மானம் - 500 ரூ.
மொத்தம் - 5,480 ரூ.

ஓய்வு மாதத்தில் தீவனம் மட்டும் 2,280 ரூபாயாகக் குறைவதால் மொத்தம் 4,280 ரூபாய் ஆகிறது. விவசாயியின் சொந்த உழைப்புக்கு இதில் கூலி போடப்படவில்லை.

இந்த இரண்டு தொகைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். 20 நாள் வேலை செய்யும் மாதத்துக்கும் சும்மா நிற்கும் மாதத்துக்கும் உள்ள வித்தியாசம் 1,200 ரூபாய்தான். அதாவது வேலை நாள் ஒன்றுக்கு 60 ரூபாய். மீதிச் செலவு முழுவதும், குதிரை கொட்டகையில் நிற்பதற்காகவே ஆகிறது. ஆண்டு முழுதும் சும்மா நின்றாலும் 51,360 ரூபாய் செலவு. குதிரை லாபமா நஷ்டமா என்பதைத் தீர்மானிப்பது அது தூக்கும் சுமை அல்ல. ஆண்டில் அதற்கு எத்தனை நாள் வேலை இருக்கிறது என்பதுதான்.

ஆண்டுக்கு 70 நாள் வேலை என்றால் மொத்தச் செலவு 55,560 ரூ.; நாளொன்றுக்கு 794 ரூ.
140 நாள் வேலை என்றால் மொத்தம் 59,760 ரூ.; நாளொன்றுக்கு 427 ரூ.
200 நாள் வேலை என்றால் மொத்தம் 63,360 ரூ.; நாளொன்றுக்கு 317 ரூ.

140 நாள் வேலை உள்ளவர் நாளுக்கு ஒரு நடை, நடைக்கு 70 கிலோ இறக்கினால், கிலோவுக்கு 6 ரூபாய் 10 காசு விழுகிறது. தோட்டம் பக்கமாக இருந்து இரண்டு நடை போக முடிந்தால் கிலோவுக்கு 3 ரூபாய் 5 காசு. எலுமிச்சையும் வாழையும் அடிமட்ட விலைக்குப் போகும் நாளில் இந்தத் தொகையைத் தாங்குமா என்று பார்த்துக் கொள்ள வேண்டும். மிளகும் காபியும் எளிதில் தாங்கும்.

சொந்தமா, வாடகையா?

ஊரில் குதிரை வாடகைக்குக் கிடைத்தால், ஆள் கூலி நீங்கலாக நாள் வாடகை என்ன என்று கேட்டு எழுத வேண்டும். அதிலிருந்து 60 ரூபாயைக் கழித்து, 51,360-ஐ மீதித் தொகையால் வகுக்க வேண்டும். வாடகை 500 ரூபாய் என்றால் 440-ஆல் வகுக்க 117 நாள் வருகிறது. ஆண்டுக்கு 117 நாளுக்கு மேல் வேலை உள்ளவருக்குச் சொந்தக் குதிரை கட்டும். அதற்குக் குறைந்தால் வாடகைக் குதிரையே மேல். 600 ரூபாய் வாடகை என்றால் எல்லை 96 நாள்.

ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் தோட்டத்துக்கு மட்டும் இத்தனை நாள் வேலை கிடைப்பது அரிது. அப்படிப்பட்டவர் தனியே குதிரை வைத்தால் அது யானையைக் கட்டித் தீனி போடும் கதையாகவே முடியும். பக்கத்துத் தோட்டத்துச் சுமையையும் வாடகைக்கு ஏற்றலாம். அல்லது இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு குதிரை வைத்துக் கொள்ளலாம். கூட்டாக வைப்பவர்கள் தீவனம் யார் பொறுப்பு, லாடத்துக்கு யார் காசு, நோய் வந்தால் யார் பங்கு எவ்வளவு என்பதை முதலிலேயே எழுதிக் கொள்ள வேண்டும். பலர் சொத்து என்றால் பட்டினி கிடப்பது குதிரைதான்.

எதில் குறைக்கலாம்?

புல்லில் குறைக்கலாம்; புல்லின் அளவில் அல்ல, புல்லுக்குக் கொடுக்கும் காசில். வரப்பிலும் தோட்ட ஓரத்திலும் புல் வளர்த்து, மழைக்காலத்துப் புல்லைப் பூக்கும் தருணத்தில் அறுத்துக் காயவைத்துப் போர் போட்டால் மாதம் 1,410 ரூபாய், ஆண்டுக்கு 16,920 ரூபாய் ரொக்கம் மிச்சம். அப்போது 500 ரூபாய் வாடகைக்கு எதிரான எல்லையும் 117 நாளிலிருந்து 79 நாளாக இறங்கும்.

பாசனம் உள்ள சமவெளியில் சிறு பாத்தி ஒன்றில் குதிரை மசால் போடலாம். பெயரே அதன் பயனைச் சொல்லும். விதைத்து சுமார் 75 நாளில் முதல் அறுப்பு. பின்பு 25 முதல் 30 நாளுக்கு ஒரு அறுப்பு. புரதச் சத்து மிகுந்த இதைப் பச்சைப் புல்லுடன் கலந்து கொடுத்தால் கொள்ளின் அளவைச் சற்றுக் குறைக்கலாம். புதிய தீவனம் எதையும் ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகவே பழக்க வேண்டும்.

கொள்ளை மாதா மாதம் சில்லறையாக வாங்குவதைத் தவிர்க்க வேண்டும். மேற்கண்ட கணக்குப்படி ஏழு மாத வேலைக்கும் ஐந்து மாத ஓய்வுக்கும் 195 கிலோ தேவை. அறுவடை முடிந்து விலை இறங்கும் தை, மாசியில் மொத்தமாக வாங்கி, நன்றாக வெயிலில் காயவைத்து, இறுக மூடும் டிரம்மில் வைத்தால் வண்டு விழாது. கிலோவுக்கு 10 ரூபாய் குறைவாகக் கிடைத்தால் 1,950 ரூபாய் மிச்சம். அது இரண்டு முறை லாடம் அடிக்கும் செலவுக்கு மேல்.

எதில் குறைக்கக் கூடாது?

புல்லின் அளவு, லாடத்தின் தவணை, சேணத்தின் மெத்தை, ரணஜன்னித் தடுப்பூசி - இந்த நான்கில் கை வைக்கக் கூடாது. இவற்றில் மிச்சம் பிடித்தவர் பிறகு பல மடங்கு கொடுக்கிறார்.

நடையைக் குறைக்கலாம் என்று சுமையை ஏற்றுவதும் இதே வகைத் தவறு. 1965-ஆம் ஆண்டின் இழுவை, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளின்படி மட்டக் குதிரைக்கு அதிகபட்சச் சுமை 70 கிலோ. நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் போகும் இடத்தில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலை கூடாது. இது சட்டம் மட்டுமல்ல, கணக்கும்கூட. 100 கிலோ ஏற்றி முதுகைப் புண்ணாக்கிய குதிரை 20 நாள் நின்றால், மாத வேலையே போய்விடும்.

ஓய்வு மாதத்துக்குச் சேமிப்பு

ஐந்து ஓய்வு மாதங்களுக்கு ஆகும் செலவு 21,400 ரூபாய். இது அந்த மாதங்களில் வானத்திலிருந்து விழாது. 140 வேலை நாட்களில் பிரித்தால் நாளொன்றுக்கு 153 ரூபாய் வருகிறது. சுமை இறக்கிக் காசு வாங்கும் நாளிலேயே இந்தத் தொகையை எடுத்து வைத்து, வாரம் ஒரு முறை தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் கட்டி விட வேண்டும். வீட்டில் வைத்தால் வேறு செலவுக்குப் போய்விடும்.

நோட்டில் நான்கு பத்தி கட்டினால் போதும்: தேதி, வேலை உண்டா இல்லையா, தீவனத்துக்கும் மற்றதற்கும் ஆன செலவு, சுமைக்குக் கிடைத்த வரவு. லாடம் அடித்த தேதியையும் ஊசி போட்ட தேதியையும் சிவப்பு மையில் குறித்து வைக்கலாம். குதிரை வாங்க நினைப்பவர்கள், வாங்குமுன் ஓர் ஆண்டு தாங்கள் கொடுத்த சுமை கூலியையும் சுமை போன நாட்களையும் இதே போல எழுதிப் பார்க்கலாம். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைக் குறை சொல்வது வழக்கம். கடிவாளம் போடும் நாள் ஆண்டில் எத்தனை, கொள்ளு வைக்கும் நாள் எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சந்தைக்குப் போகிறவருக்குக் குதிரையால் கடன் வராது.